சி டிரைவ் நிறைஞ்சு போச்சா, போட்டோவ அழிக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சி டிரைவ் பட்டை சிவப்பா மாறினதும் பெரும்பாலானவங்க செய்யுற முதல் வேலை பிக்சர்ஸ் ஃபோல்டரைத் தொறந்து பழைய போட்டோ, வீடியோவ அழிக்குறதுதான். அப்டேட் ஏற மாட்டேங்குது, டேலி பேக்கப் பாதியில நிக்குது, எக்செல் சேவ் ஆகலன்னு ஒரு பதட்டம், அந்தப் பதட்டத்துல கண்ணுக்கு பெருசா தெரியுறது தாத்தாவோட சதாபிஷேக வீடியோ, அதை ஷிஃப்ட் டெலீட் அடிச்சு ரெண்டு ஜிபி தேத்துறாங்க. அதே டிரைவ்ல விண்டோஸ் தானா போட்டு வச்ச பழைய சமாச்சாரம் பத்து ஜிபி, இருபது ஜிபின்னு யாருக்கும் தேவைப்படாம படுத்திருக்கும். இது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்குற விஷயம், ஏன்னா போனது திரும்ப வராது, அழிக்க வேண்டியது அப்படியே இருக்கு, இன்னும் ரெண்டு வாரத்துல பட்டை மறுபடி சிவப்பாகும்.

ஒரு ஃபைலை அழிக்குறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது அது எவ்ளோ பெருசுன்னு இல்ல. இதை அழிச்சா மெஷினோ நெட்டோ எனக்குத் திரும்ப இதைக் கொடுக்குமா, இல்ல உலகத்துலயே இது என்கிட்ட மட்டும்தான் இருக்கா, இந்தக் கேள்விதான். முதல் வகையை தாராளமா அழிங்க, ரெண்டாவது வகையை வேற இடத்துக்கு நகர்த்துங்க. கீழ சொல்றது எல்லாமே விண்டோஸ் 10, 11 ரெண்டையும் வச்சுதான், நம்ம வீட்லயும் ஆபீஸ்லயும் அதிகமா ஓடுறது அதுதான்.

முதல்ல ஒரு சந்தேகத்த தீத்துடலாம். 256 ஜிபின்னு பில்லு போட்டு வாங்கின லேப்டாப்ல மொத்தமே 238 தான் காட்டுதே, கடைக்காரர் ஏமாத்திட்டாரான்னு நிறைய பேர் கேக்குறாங்க. யாரும் ஏமாத்தல. டிஸ்க் தயாரிக்குறவங்க ஒரு ஜிபின்னா 100 கோடி பைட்டுன்னு கணக்கு போடுறாங்க, விண்டோஸ் 1024ஐ மூணு தடவை பெருக்கி வர்ற எண்ணை ஒரு ஜிபின்னு எடுத்துக்குது, அதனால 256 அங்க 238 ஆயிடும், 512 வாங்கினா 476, 1 டிபி வாங்கினா 931. அதுலயும் ரெகவரி பார்ட்டிஷனுக்கு, அதாவது விண்டோஸ் கெட்டுப்போனா சரி பண்ண டிஸ்க்ல ஒதுக்கி வச்ச பகுதிக்கு, கொஞ்சம் போகும். அப்புறம் 2019 மே மாசம் வந்த விண்டோஸ் 10 1903 பதிப்புல இருந்து ரிசர்வ்டு ஸ்டோரேஜ்னு சுமார் 7 ஜிபி அப்டேட்டுக்குன்னு தனியா ஒதுக்கி வைக்குறாங்க, புதுசா இன்ஸ்டால் ஆன மெஷின்ல பெரும்பாலும் இது இருக்கும். இது நல்லதுக்குத்தான், டிரைவ் நிறைஞ்சிருந்தாலும் செக்யூரிட்டி அப்டேட் தடைபடாம ஏறணும்னு செஞ்சது, இதுல கை வைக்காதீங்க.

சரி, மத்த இடம் எங்க போச்சு? எக்ஸ்ப்ளோரர்ல ஒவ்வொரு ஃபோல்டரா ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டிஸ் பாக்குறது வேலைக்காவாது, ஏன்னா பெரிய ஆளுங்க பாதி பேர் ஒளிஞ்சிருக்காங்க. விஸ்ட்ரீ இல்லன்னா விண்டிர்ஸ்டாட், ரெண்டுல ஒண்ணு போதும், வீட்டு உபயோகத்துக்கு காசு இல்ல. நான் விஸ்ட்ரீதான் சொல்லுவேன், அது ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளயும் போய் எண்ணிட்டு இருக்காம என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்க்ல ஃபைலை அடுக்கி வைக்குற முறை) தன்னோட எல்லா ஃபைலையும் பதிஞ்சு வச்சிருக்குற மாஸ்டர் ஃபைல் டேபிளை நேரா படிச்சுடும், அதனால சில நொடியில வேலை முடிஞ்சுடும். அட்மின் அனுமதியோட ஓட விடணும், அவ்ளோதான். ஓடி முடிஞ்சதும் கீழ கலர் கலரா கட்டம் வரும், கட்டம் பெருசா இருந்தா ஃபைல் பெருசு. 16 ஜிபி ரேம் இருக்குற லேப்டாப்ல சி டிரைவோட வெளி மட்டத்துலயே ஆறு ஜிபிக்கு மேல ஒரே ஒரு கட்டம் நிக்கும், மவுஸை மேல கொண்டு போனா ஹைபர்ஃபில்.சிஸ்னு பேர் காட்டும்.

இது என்னன்னா, ஹைபர்நேட் பண்ணும்போது ரேம்ல இருக்குறத அப்படியே டிஸ்க்ல எழுதி வைக்குற ஃபைல். விண்டோஸ் 10ல இருந்து சாதாரணமா ரேமோட 40 சதவீதத்த இதுக்கு எடுத்துக்குறாங்க, அதனாலதான் 16 ஜிபி ரேமுக்கு 6.4 ஜிபி, 32 ஜிபி ரேம் போட்டா 12.8 ஜிபி. ரேம் அதிகம் போட்டு எஸ்எஸ்டிய (சுத்துற பாகம் இல்லாத டிஸ்க்) சின்னதா வாங்கினவங்களுக்கு இது வலிக்கும். விண்டோஸ் 8ல இருந்து வந்த, மெஷினை சீக்கிரம் எழுப்புற ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் இதே ஃபைலத்தான் நம்பி இருக்கு. நீங்க கையால டெலீட் பண்ண முடியாது, கமாண்ட் பிராம்ப்டை அட்மினா தொறந்து powercfg /h off அப்படின்னு அடிச்சு என்டர் கொடுத்தா அந்த நிமிஷமே அந்த இடம் காலி. ஆனா எல்லாரும் இதைச் செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். டெஸ்க்டாப்புன்னா தயங்காம அணைங்க. லேப்டாப்புன்னா, மூடி வச்சுட்டு மறந்துட்டீங்க, பேட்டரி தீந்துபோற நிலைமை, அப்போ சேவ் பண்ணாத வேலையைக் காப்பாத்துறது இந்த ஹைபர்நேட்தான், அதனால வேற வழியே இல்லன்னா மட்டும் அணைங்க. ஹைபர்நேட்டே பண்ணாதவங்க ரெட்யூஸ்டுங்குற டைப்புக்கு மாத்திக்கலாம், பாதி இடம் மிச்சமாகும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மட்டும் இருக்கும்.

பக்கத்துலயே பேஜ்ஃபைல்.சிஸ் இருக்கும், ரேம் பத்தாதப்போ விண்டோஸ் சாயுற இடம் அது. இதை அணைச்சுட்டு வேகம் கூடும்னு நிறைய வீடியோல சொல்றாங்க, கேக்காதீங்க. ரேம் தீந்ததும் ஆப்பெல்லாம் சொல்லாம கொள்ளாம மூடிக்கும். புளூ ஸ்க்ரீன் வந்த மெஷின்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள மெமரி.டிஎம்பின்னு ஒண்ணு இருந்தா அதை அழிக்கலாம், அது கிராஷ் ஆனப்போ எடுத்த பதிவு, கிராஷை ஆராயப் போறவங்களத் தவிர யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

அடுத்து எல்லாரையும் பயமுறுத்துறது வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர். எக்ஸ்ப்ளோரர்ல பாத்தா பத்து ஜிபிக்கு மேல காட்டும், உடனே இதான் திருடன்னு முடிவு பண்ணிடுறாங்க. உண்மையில அதுல பாதிக்கு மேல ஹார்ட் லிங்க், அதாவது டிஸ்க்ல ஒரே டேட்டா, ஆனா அதுக்கு ரெண்டு பேர், ஒரு பேர் சிஸ்டம்32ல இருக்கும், இன்னொரு பேர் இங்க இருக்கும், எக்ஸ்ப்ளோரர் ரெண்டையும் தனித்தனியா எண்ணிடுது. இதுக்குள்ள போய் கையால அழிச்சா விண்டோஸே எந்திரிக்காம போகலாம். இதுல நிஜமாவே வீணா இருக்குற பழைய அப்டேட் மிச்சத்த எடுக்குறதுக்கு டிஸ்ம்னு ஒரு கருவி விண்டோஸ்லயே இருக்கு, டிஸ்க் கிளீன்அப்ல விண்டோஸ் அப்டேட் கிளீன்அப்புன்னு ஒரு வரி வர்றதும் இதே வேலைக்குத்தான்.

நான் மேல சொன்ன கேள்வி சறுக்குற ஒரு இடமும் இங்க இருக்கு, அது விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஒளிஞ்சிருக்குற இன்ஸ்டாலர்ங்குற ஃபோல்டர். மெஷின் போட்டதுதானே, மெஷினே திரும்பக் கொண்டு வந்துடும்னு நினைக்கத் தோணும். வராது. நீங்க போட்ட ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் ரிப்பேர் பண்ண, அப்டேட் பண்ண, அன்இன்ஸ்டால் பண்ணத் தேவையான ஃபைல் அதுல இருக்கு, அழிச்ச அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, ஆறு மாசம் கழிச்சு ஆபீஸ் அப்டேட் ஆகாம நிக்கும்போதுதான் தெரியும், அப்போ எதனாலன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. இதை வேற மெஷின்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டவும் முடியாது.

இப்போ தாராளமா அழிக்கக்கூடியது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட இலவச சப்போர்ட்டை நிறுத்தினதுல நிறைய பேர் 11க்கு மாறினாங்க, அப்படி மாறும்போது பழைய விண்டோஸ் முழுசா விண்டோஸ்.ஓல்டுங்குற ஃபோல்டர்ல உக்காந்துக்கும். பிடிக்கலன்னா திரும்பிப் போறதுக்காக வைக்குறது, பத்து நாள் அவகாசம், அதுக்கப்புறம் விண்டோஸே எடுத்துடணும், பெரும்பாலும் எடுத்துடும், சில மெஷின்ல மட்டும் அப்படியே கிடக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போனா அங்கயே டிக் போட்டு எடுக்கலாம். பழைய மெஷின்ல வச்சிருந்த எதையாவது தேடிட்டு இருக்கீங்கன்னா மட்டும் எடுக்குறதுக்கு முன்னாடி அதுக்குள்ள யூசர்ஸ் ஃபோல்டரை ஒரு தடவை பாத்துடுங்க.

அதே டெம்பரரி ஃபைல்ஸ் பக்கத்துல டவுன்லோட்ஸுனும் ஒரு டிக் இருக்கும், அதைக் கவனமா பாருங்க. நம்ம ஊர்ல டவுன்லோட்ஸ் ஃபோல்டர்தான் பல பேருக்கு பீரோ, ஆதார் பிடிஎஃப், பட்டா காப்பி, பையனோட மார்க் ஷீட் எல்லாம் அங்கதான் இருக்கும், யாரும் வேற ஃபோல்டருக்கு மாத்துறது கிடையாது. 2018ல வந்த 1809 பதிப்புல பழைய டிஸ்க் கிளீன்அப் லிஸ்டுலயும் டவுன்லோட்ஸை சேத்துட்டாங்க, இருக்குற எல்லா டிக்கையும் கண்ணை மூடிட்டு போட்டு பழக்கப்பட்டவங்க நிறைய இழந்தாங்க, அப்புறம் 2020ல வந்த பதிப்புல அதை எடுத்துட்டாங்க. ஸ்டோரேஜ் சென்ஸை ஆன் பண்ணுங்க, அது நல்ல வசதி, ஆனா டவுன்லோட்ஸ் பத்தின வரியில நெவர்னு வச்சுடுங்க.

இதுக்கெல்லாம் அப்புறமும் இடம் பத்தலன்னா, விஷயம் பெரும்பாலும் யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள உங்க பேர் போட்ட ஃபோல்டர், அதுக்குள்ள ஒளிஞ்சிருக்குற ஆப்டேட்டா, இங்கதான். இந்த இடத்துல நிதானமா நேரம் செலவழிக்கலாம், பலன் இருக்கு. டெம்ப் ஃபோல்டர், ப்ரவுசர் கேஷ் (வேகத்துக்காக எடுத்து வச்ச நகல்) எல்லாம் அழிச்சா திரும்ப வந்துடும், பிரச்சனை இல்ல. டெலிகிராம்ல செட்டிங்ஸுக்குள்ள அட்வான்ஸ்டு போனா லோக்கல் ஸ்டோரேஜுக்கு ஒரு உச்ச வரம்பு வைக்கலாம், சினிமா குரூப்புல இருக்குறவங்க கட்டாயம் வைக்கணும். கல்யாண வீடியோ எடிட் பண்ற ஸ்டூடியோக்காரங்க மெஷின்ல அடோபியோட மீடியா கேஷ் ஃபோல்டர் மட்டுமே பல ஜிபி பிடிச்சிருக்கும், ப்ரீமியர் ப்ரோ உள்ளயே அதை காலி பண்ணவும், வேற டிரைவுக்கு மாத்தவும் வழி இருக்கு, முடிஞ்ச ஆர்டரோட கேஷை வச்சு யாருக்கும் லாபம் இல்ல. ஐடில இருக்குறவங்க டாக்கரோ டபிள்யூஎஸ்எல்லோ ஓட்டினா, உள்ள எவ்ளோ அழிச்சாலும் வெளிய இருக்குற விஎச்டிஎக்ஸ் ஃபைல் வளந்த அளவுலயே நிக்கும், தானா சுருங்காது, அதைத் தனியா காம்பாக்ட் பண்ணணும்.

ஐபோன் வச்சிருக்குறவங்க மொபைல்சிங்க்னு ஒரு ஃபோல்டர் இருக்கான்னு பாருங்க. ஐட்யூன்ஸ் எடுக்குற பேக்கப் அங்கதான் விழும், வேற டிரைவை கேக்கவே கேக்காது, பல பேரோட சி டிரைவ முழுங்கினது இதுதான். ஆனா இது நெட்ல இருந்து திரும்ப வர்ற கேஷ் இல்ல. அந்த போன் இப்பவும் நல்லா ஓடிட்டு இருந்தா பழைய பேக்கப்பை எடுக்கலாம், போன் தொலைஞ்சு போச்சு, உடைஞ்சு போச்சுன்னா அதுல இருக்குற போட்டோவும் மெசேஜும் உலகத்துல வேற எங்கயும் இல்லாம இருக்கலாம்.

இந்த வித்தியாசம் எவ்ளோ மெல்லிசுன்னு பாக்கணும்னா அவுட்லுக் ஃபைல் ரெண்டைப் பாருங்க. ஓஎஸ்டின்னு முடியுறது ஒண்ணு, பிஎஸ்டின்னு முடியுறது இன்னொண்ணு. ரெண்டுமே மெயில்தான், ரெண்டுமே பத்து ஜிபி, இருபது ஜிபின்னு வளரும். ஓஎஸ்டிங்குறது சர்வர்ல இருக்குற மெயிலோட நகல், அழிச்சா அவுட்லுக் மறுபடி சர்வர்ல இருந்து இறக்கிக்கும், நெட் செலவு மட்டும்தான். பிஎஸ்டிங்குறது பல ஆபீஸ்ல பழைய மெயிலை சர்வர்ல இருந்து எடுத்து கம்ப்யூட்டர்லயே ஆர்க்கைவ் பண்ணி வச்சது, அது இந்த ஒரு இடத்துல மட்டும்தான் இருக்கும், அழிச்சா பத்து வருஷ ஆர்டர், இன்வாய்ஸ், பேச்சுவார்த்தை எல்லாம் போச்சு. விஸ்ட்ரீ கட்டத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

போனா போகுது, ரெகவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துக்கலாம்னு ஒரு நம்பிக்கை இன்னும் சுத்திட்டு இருக்கு. பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க்ல அது ஓரளவு நிஜம், ஏன்னா அங்க டெலீட்டுங்குறது இந்த இடம் காலின்னு பட்டியல்ல குறிக்குறது மட்டும்தான், புதுசா வேற ஏதாவது அது மேல எழுதுற வரைக்கும் டேட்டா அங்கயே கிடக்கும். எஸ்எஸ்டில அப்படி இல்ல. விண்டோஸ் 7ல இருந்து ட்ரிம்னு ஒரு கட்டளை இருக்கு, ரீசைக்கிள் பின்னையும் தாண்டி அழிச்சதும் இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்னு விண்டோஸ் எஸ்எஸ்டிகிட்ட சொல்லிடும், எஸ்எஸ்டி அதைத் துடைச்சு அடுத்த எழுத்துக்குத் தயார் பண்ணி வச்சுக்கும், அதுக்கப்புறம் எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் பெரும்பாலும் வெறும் பூஜ்யம்தான் வரும். இன்னைக்கு விக்குற லேப்டாப் அநேகமா எல்லாமே எஸ்எஸ்டிதான். பென் டிரைவ்ல அழிச்சா ரீசைக்கிள் பின்னுக்கே போகாது, அதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

எஸ்எஸ்டி நிறைஞ்சா மெஷின் ஏன் நத்தை மாதிரி ஆகுதுங்குறதுக்கும் காரணம் இந்தத் துடைக்குற வேலைதான். எஸ்எஸ்டில எழுதுறது சின்னச் சின்ன பேஜா எழுதலாம், ஆனா துடைக்குறது பெரிய பிளாக்காத்தான் துடைக்க முடியும், அதனால ஒரு பிளாக்குல பாதி தேவையானது பாதி தேவையில்லாததுன்னா, தேவையானதை வேற இடத்துக்கு காப்பி பண்ணிட்டு அப்புறம்தான் துடைக்கணும், காலி இடம் நிறைய இருந்தா இதை ஓய்வா பின்னாடி பண்ணும், இல்லன்னா நீங்க சேவ் கொடுக்குற நேரத்துல பண்ணும். பல எஸ்எஸ்டில வேகமா எழுதுறதுக்குன்னு காலி இடத்துலயே ஒரு பகுதிய கேஷா வச்சுக்கும், டிரைவ் நிறைய நிறைய அதுவும் சுருங்கும். அதனால கடைசி ஜிபி வரைக்கும் அடைக்காதீங்க, 256 ஜிபி டிரைவ்ல ஒரு 40 ஜிபியாவது சும்மா இருக்கட்டும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

ஒரே கிளிக்குல சுத்தம் பண்றேன்னு சொல்ற சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். ரெஜிஸ்ட்ரிய, அதாவது விண்டோஸ் தன்னோட செட்டிங்ஸ எழுதி வச்சிருக்குற பதிவேட்ட, சுத்தம் பண்றதால மிச்சமாகுற இடம் கணக்குலயே வராது, கெட்டுப்போற வாய்ப்பு மட்டும் உண்டு. 2017ல சிகிளீனரோட 5.33 பதிப்பு அவங்க கம்பெனி சர்வர்ல இருந்தே வைரஸோட வெளிவந்து இருபது லட்சத்துக்கும் மேல மெஷின்ல ஏறுச்சு, சுத்தம் பண்ண போட்டதே அழுக்கைக் கொண்டு வந்துச்சு. விண்டோஸ்ல இருக்குற கருவியே போதும்.

கிளவுட் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். ஒன்டிரைவ்ல போட்டோ ஏறிடுச்சு, இனி கம்ப்யூட்டர்ல இருந்து அழிச்சுடலாம்னு டெலீட் அடிக்குறாங்க, அங்கயும் சேந்து அழிஞ்சுடுது, ஏன்னா அது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வச்சிருக்குற ஏற்பாடு. இடம் வேணும்னா ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி ஃப்ரீ அப் ஸ்பேஸ் கொடுங்க, பேர் மட்டும் இங்க நிக்கும், பக்கத்துல மேகம் மாதிரி குறி வரும், தொறந்தா இறங்கிக்கும். தப்பா அழிச்சிருந்தா உடனே ஒன்டிரைவ் வெப்சைட்ல ரீசைக்கிள் பின்னைப் பாருங்க, சொந்த அக்கவுண்ட்டுன்னா 30 நாள் வரைக்கும் அங்க இருக்கும்.

சொந்தப் போட்டோ, வீடியோவ எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாத்தும்போது கட் பேஸ்ட் பண்ணாதீங்க. காப்பி பண்ணுங்க, அங்க போய் பத்து ஃபைல தொறந்து ஓட்டிப் பாருங்க, முடிஞ்சா இன்னொரு டிஸ்க்லயும் ஒண்ணு போடுங்க, அதுக்கப்புறம் இங்க அழிங்க. ஒரே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல மட்டும் இருக்குறது பேக்கப் இல்ல, இடம் மாறியிருக்கு, அவ்ளோதான். டி டிரைவ் இருந்தா டாக்குமென்ட்ஸ், வீடியோஸ் ஃபோல்டரோட ப்ராப்பர்ட்டிஸ்ல லொக்கேஷன் டேபுக்குப் போய் அங்க மாத்திவிட்டா இனிமே வர்றதும் அங்கயே விழும்.

சி டிரைவ பெருசாக்கலாம்னு டிஸ்க் மேனேஜ்மென்ட் தொறந்தா எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாவே இருக்கும் பலருக்கு. காலி இடம் சிக்கு வலது பக்கம் ஒட்டியே இருந்தாத்தான் அது வேலை செய்யும், நடுவுல டி டிரைவோ ரெகவரி பார்ட்டிஷனோ நின்னா செய்யாது. அந்த மாதிரி நேரத்துல பார்ட்டிஷனோட மல்லுக்கட்டுறத விட பெரிய எஸ்எஸ்டி வாங்கி குளோன் பண்றதுதான், அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே அதுல நகல் எடுக்குறதுதான் நிம்மதி, ஆனா வாங்குறதுக்கு முன்னாடி உங்க லேப்டாப்ல எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி சொருகுற இடம்) இருக்கா, இருந்தா அது சாட்டா வகையா என்விஎம்இ வகையான்னு பாத்துக்கங்க, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், மாத்தி வாங்கினா ஓடாது. விலை குறைஞ்ச சில லேப்டாப்ல எஸ்எஸ்டிக்குப் பதிலா இஎம்எம்சிங்குற சிப்பை போர்டோட சேத்தே பத்த வச்சிருப்பாங்க, அதை மாத்த முடியாது.

குளோன் பண்ணாலும் சரி, பார்ட்டிஷனைத் தொட்டாலும் சரி, அதுக்கு முன்னாடி டிஸ்க்கைப் பூட்டி வைக்குற பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாருங்க, புது விண்டோஸ் 11 மெஷின் பலதுல நீங்க கேக்காமலே டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கும். ஆன்ல இருந்தா 48 இலக்க ரெகவரி கீ ஒண்ணு உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும், அதை முதல்ல எடுத்து ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கங்க, அந்த எண் இல்லாம பூட்டிக்கிச்சுன்னா மைக்ரோசாஃப்ட்டாலயும் தொறந்து கொடுக்க முடியாது.